மின்வெட்டுக்கு மறுநாள் காலை: கேஷை நினைவகத்தில் வைப்பதா, வட்டில் வைப்பதா?

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பச்சைத் தேயிலை கொள்முதல் நடக்கும் கொட்டகைகள் சிலவற்றில் இப்போது தராசுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டும் இருக்கிறது. இலை மூட்டையை இறக்கிவைத்த விவசாயி தம் உறுப்பினர் எண்ணைச் சொன்னதும் அவருடைய பெயரும், இந்த மாதம் இதுவரை போட்ட இலையின் எடையும், உரத்துக்கும் முன்பணத்துக்குமாகக் கழிக்க வேண்டிய தொகையும் திரையில் வர வேண்டும். எடை போட்ட கையோடு ரசீதும் வர வேண்டும். அத்தகைய ஒரு மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. தகவல்களின் மூலப்பிரதி மும்பையிலுள்ள ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் இணையம் மலைப்பாதையோரம் ஏறும் கண்ணாடியிழைக் கேபிள் வழியாகக் கோத்தகிரியை அடைகிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவதும், மண் சரிந்து கேபிள் துண்டாவதும் இங்கே புதிய செய்திகள் அல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்த மழையை இந்த நீலகிரி மாவட்டம் பார்த்திருக்கிறது.

ஆகவே ஊரிலேயே ஒரு சிறிய சர்வரை வைத்து, மும்பையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் தகவல்களின் நகலை அதில் சேர்த்துவைக்கிறோம். அந்த நகலுக்குத்தான் கேஷ் என்று பெயர். தமிழில் பதுக்ககம் என்றும் இடைமாற்றகம் என்றும் எழுதுவோர் உண்டு. இத்தொழிலில் இருப்பவர்கள் பேசுவது கேஷ் என்பதால் அதையே இங்கும் எழுதுகிறேன். அந்த நகலை ரேம் எனப்படும் நினைவகத்தில் வைப்பதா, ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி போன்ற வட்டில் வைப்பதா என்பதுதான் கேள்வி. கேட்டவுடனே பலரும் சொல்லும் விடை, நினைவகம் வேகமானது, எனவே நினைவகம் என்பதாகும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்த விடையின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அந்த முதல் பாதியிலிருந்து தானாக வந்துவிடுவதில்லை.

வேக வேறுபாடு எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். நினைவகத்திலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுக்கச் சுமார் 100 நானோவினாடி ஆகும். இன்றைய எஸ்எஸ்டியில் எங்கோ ஓரிடத்தில் உள்ள ஒரு பக்கத்தைப் படிக்கச் சுமார் 100 மைக்ரோவினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி ஆவதால், வேண்டிய இடம் படிமுனைக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல், காத்திருந்தே ஆக வேண்டும். படிமுனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் 10 மில்லிவினாடியைத் தாண்டும். நினைவகத்தில் எடுப்பதை ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டியில் எடுப்பது கால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகவும், ஹார்ட் டிஸ்கில் எடுப்பது ஒரு நாளைத் தாண்டி நான்கு மணி நேரமாகவும் ஆகும். அதே அளவுகோலில், 300 மில்லிவினாடியில் மும்பையிலிருந்து விடை வருவது ஐந்து வாரப் பயணம்.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நாம் கவனிக்காமல் போய்விடுகிறோம். கேஷ் என்ற ஏற்பாடே மூலம் தொலைவில் இருப்பதால் வந்தது. 1965இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர் மாரிஸ் வில்க்ஸ், பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான ஒரு நினைவகத்தை வைத்து, அண்மையில் தேவைப்பட்டவற்றை அதில் நிறுத்திவைக்கும் யோசனையை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். 1968இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 அந்த ஏற்பாட்டை விற்பனைக்கு வந்த கணினிக்குள் கொண்டுவந்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படை ஒன்றே: முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைவிட வேகமாக இருந்தால் போதும். அது எட்டக்கூடிய உச்ச வேகத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கேட்டது கேஷிலேயே இருந்தால் அதை ஹிட் என்றும், இல்லாமல் மூலத்துக்குப் போக நேர்ந்தால் மிஸ் என்றும் சொல்வது வழக்கம். ஒரு நினைவகக் கேஷ் அரை மில்லிவினாடியில் விடை தருகிறது. ஆனால் இடம் குறைவு என்பதால் நூற்றுக்கு 70 கேள்விகளுக்குத்தான் அதனிடம் விடை இருக்கிறது. ஒரு வட்டுக் கேஷ் 10 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. இடம் தாராளமாக இருப்பதால் நூற்றுக்கு 97 கேள்விகளுக்கு அதனிடம் விடை இருக்கிறது. மூலம் 300 மில்லிவினாடித் தொலைவில் இருந்தால், முதலாவதன் சராசரி 90 மில்லிவினாடிக்குச் சற்று மேல். இரண்டாவதன் சராசரி 18.7 மில்லிவினாடி. ஒரு தனி வாசிப்பில் இருபது மடங்கு மெதுவான கேஷ், நாள் முழுதும் கூட்டிப் பார்க்கையில் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாக வேலை செய்கிறது. மூலம் அதே அறையில், 5 மில்லிவினாடியில் விடை தரும் டேட்டாபேஸாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்: நினைவகக் கேஷின் சராசரி 1.85 மில்லிவினாடி, வட்டுக் கேஷின் சராசரி 9.85 மில்லிவினாடி. அதாவது கேஷே இல்லாமல் நேராக டேட்டாபேஸைக் கேட்பதைவிட அந்த வட்டுக் கேஷ் மோசமானது. ஒரே கருவி ஓரிடத்தில் காப்பாற்றுகிறது, இன்னோரிடத்தில் கெடுக்கிறது. எனவே எது வேகம் என்று கேட்பதற்கு முன்னால், கேஷில் இல்லாதபோது நாம் கொடுக்கும் விலை என்ன என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியைப் பணக் கணக்காகவே மாற்றியவர்கள் டாண்டம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்ஸோலுவும். 1987இல் அவர்கள் எழுதியது ஐந்து நிமிட விதி என்று அறியப்படுகிறது. அன்றைய விலையில், வினாடிக்கு ஒரு முறை வட்டைத் தொடும் திறனை வாங்கச் சுமார் 2,000 டாலர் ஆனது. ஒரு கிலோபைட் நினைவகத்துக்கு 5 டாலர் ஆனது. ஒரு கிலோபைட் அளவுள்ள ஒரு பதிவை நினைவகத்திலேயே வைத்திருப்பதால் வினாடிக்கு ஒரு வட்டு வாசிப்பு மிச்சமாகிறதென்றால் 5 டாலர் கொடுத்து 2,000 டாலர் மிச்சப்படுத்துகிறோம். பத்து வினாடிக்கு ஒரு முறைதான் கேட்கப்படுகிறது என்றாலும் 200 டாலர் மிச்சம். இப்படியே குறைத்துக்கொண்டு போனால் 400 வினாடிக்கு ஒரு முறை என்னும் இடத்தில் வரவும் செலவும் சமமாகின்றன. 400 வினாடி என்பது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. வசதிக்காக அதை ஐந்து நிமிடம் என்றார்கள். ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி கேட்கப்படுவது நினைவகத்தில் இருக்கட்டும், அதைவிட அரிதாகக் கேட்கப்படுவது வட்டில் இருக்கட்டும் என்பது முடிவு. 1997இல் கிரே, கோட்ஸ் கிரேஃபேயுடன் சேர்ந்து இதை மீண்டும் ஆராய்ந்தார். எஸ்எஸ்டி வந்தபின் வட்டைத் தொடுவதன் விலை பெருமளவு இறங்கிவிட்டதால் எல்லைக்கோடு நகர்ந்திருக்கிறது. ஆனாலும் முறை மாறவில்லை. வேகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு தகவல் எவ்வளவு அடிக்கடி கேட்கப்படுகிறது என்பதைப் பார்த்து அதன் இடத்தை முடிவு செய் என்று அது சொல்கிறது.

எங்கள் கொட்டகைகளில் இதைப் பொருத்திப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. நடப்பு மாத இலை விலையும், ஈரத்துக்குக் கழிக்கும் சதவீதமும் ஒவ்வோர் எடைக்கும் கேட்கப்படுகின்றன. உறுப்பினர் ஒருவரின் பதிவோ அவர் இலை கொண்டுவரும் நாளில் ஒரு முறை கேட்கப்படும். பலர் வாரத்துக்கு ஓரிரு முறைதான் வருகிறார்கள். விலைப்பட்டியல் சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். உறுப்பினர் பதிவுகள் ஆறாயிரம். ஒன்றுக்கு நான்கு கிலோபைட் என்றாலும் மொத்தம் 24 மெகாபைட்தான். இந்த அளவு இன்றைய எந்த நினைவகத்துக்கும் பெரிதல்ல. ஆகவே எல்லாவற்றையும் நினைவகத்தில் போட்டுவிடலாம் என்று அப்போது முடிவெடுத்தேன். அளவு, வேகம், கேட்கப்படும் இடைவெளி மூன்றையும் பார்த்த நான் நான்காவதைப் பார்க்கவில்லை.

ஒரு ஜூலை மாதத்தில் அது தெரிந்தது. இரவில் மின்சாரம் போனது. யூபிஎஸ் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அடங்கியது; சர்வரும் அணைந்தது. காலையில் மின்சாரம் திரும்பி சர்வர் எழுந்தபோது நினைவகம் முழுக்கக் காலியாக இருந்தது. கேபிளும் அறுந்திருந்ததால் இணையம் ஒரு சிம் கார்டு வழியாக மெதுவாக வந்துகொண்டிருந்தது. இலை வரத் தொடங்கியதும் எல்லாக் கொட்டகைகளும் ஒரே நேரத்தில் கேட்டன. ஒவ்வோர் உறுப்பினரும் சர்வருக்குப் புதியவர். ஒவ்வொருவருக்காகவும் மும்பைக்குப் போய் வர வேண்டும். நல்ல நாளிலேயே ஒரு பதிவுக்கு 300 மில்லிவினாடி என்றால் ஆறாயிரம் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க அரை மணி நேரம் ஆகும். அன்று அது நல்ல நாளும் அல்ல. திரை நகராததைக் கண்ட எடை போடுகிறவர்கள் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வோர் அழுத்தலும் அதே கேள்வியை இன்னொரு முறை அந்தக் குறுகிய வழியில் தள்ளியது. பறித்த கொழுந்து சாக்கில் அடைந்து கிடந்தால் சூடேறும், சூடேறினால் கருகும், கருகிய இலைக்கு ஆலையில் மதிப்பில்லை. ஒரு பெரியவர் தம் மூட்டையை அவிழ்த்துத் தரையில் பரப்பி, இலையைக் கையால் கிளறி ஆற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் கேஷின் குறை அவருடைய இலையில் போய் விழுந்திருந்தது.

நினைவகம் மின்சாரத்தோடு வாழ்வது, அது போனால் போய்விடுவது என்பது பள்ளிப் புத்தகத்திலேயே உள்ள பாடம். ஆனால் கேஷ் விஷயத்தில் இந்தப் பாடத்தை, எப்படியும் நகல்தானே, போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பது சரிதான். எப்போது எடுக்க நேர்கிறது என்பதில்தான் இடர் இருக்கிறது. மின்சாரம் போகும் அதே மழையில்தான் கேபிளும் அறுகிறது. கேஷ் காலியாகும் நேரமும் மூலத்தை எட்ட முடியாத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. சமவெளியில், ஜெனரேட்டரும் இரட்டை இணைப்பும் உள்ள தரவு மையத்துக்குள் இருப்பவர்களுக்கு இவை தனித்தனி நிகழ்வுகள். மலையில் அப்படி இல்லை. எனவே எங்களைப் போன்ற இடங்களில் அணைந்து எழுந்தபின்னும் உயிரோடிருக்கும் கேஷ் என்பது வேகத்தைவிட மேலான தேவை.

காலியான கேஷின் மீது எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வதற்கு மாற்று வழிகள் உண்டு. ஒரே உறுப்பினருக்காக ஐந்து கேள்விகள் வந்தால் ஒன்றை மட்டும் மூலத்துக்கு அனுப்பி, மற்ற நான்கையும் அந்த விடைக்காக நிறுத்திவைப்பது முதல் வழி. எந்தக் கேஷுக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கொட்டகை திறப்பதற்கு முன்பே அன்று வரக்கூடியவர்களின் பதிவுகளை எடுத்து நிரப்பிவைப்பது இன்னொன்று. இவை காயத்துக்குக் கட்டுப்போடுகின்றன. காயத்தைத் தடுப்பதற்கு நகல் வட்டில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். வட்டில் வைத்தால் ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்தே படிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறோம். லினக்ஸ் போன்ற இயங்குதளத்தில் ஒரு கோப்பை ஒரு முறை படித்தால், அதன் பக்கங்களை இயங்குதளம் காலியாக உள்ள நினைவகத்தில் தானே நிறுத்திவைத்துக்கொள்கிறது. இதற்குப் பேஜ் கேஷ் என்று பெயர். இரண்டாம் முறை அதே கோப்பைக் கேட்டால் வட்டைத் தொடாமலே விடை வரும். சர்வரில் ஃப்ரீ என்ற கட்டளையை அடித்துப் பார்ப்பவர்கள் நினைவகத்தின் பெரும்பகுதி பஃப்/கேஷ் என்ற பத்தியில் போயிருப்பதைக் கண்டு சில வேளை பதறுவார்கள். அது வீணாகிப்போன நினைவகம் அல்ல. வேறு நிரலுக்குத் தேவைப்பட்டால் இயங்குதளம் உடனே விட்டுக்கொடுக்கும் இடம் அது. ஆக, ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கும் வட்டுக் கேஷ், போதிய நினைவகமுள்ள சர்வரில், காலையில் முதல் சுற்று முடிந்ததும் நடைமுறையில் நினைவகக் கேஷாகவே மாறிவிடுகிறது. சிஸ்டம் கால் (நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்பது), நகலெடுப்பு என்று சில மைக்ரோவினாடிகள் கூடும். மும்பைக்குப் போகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

டென்மார்க்கின் பவுல்-ஹென்னிங் காம்ப் 2006இல் வார்னிஷ் என்ற வலைக் கேஷை, அதாவது இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் மென்பொருளை, வடிவமைத்தபோது இந்த உண்மையின் மீதே அதைக் கட்டினார். இதை நினைவகத்தில் வை, அதை வட்டுக்கு அனுப்பு என்று நிரலே நிர்வகிக்கத் தொடங்கினால் அது இயங்குதளத்தோடு மல்லுக்கட்டுவதாக முடியும் என்பது அவர் வாதம். நிரல் நினைவகத்தில் இருப்பதாக நம்பும் ஒரு பக்கத்தை இயங்குதளம் ஏற்கெனவே வட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அதை வட்டில் எழுதலாம் என்று நிரல் முடிவெடுத்தால், எழுதுவதற்காகவே முதலில் வட்டிலிருந்து அதைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். இந்த வாதம் எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. ஆனால் வார்னிஷிலேயே கோப்பில் சேமிக்கும் முறை, சர்வர் அணைந்து எழுந்தால் உள்ளடக்கத்தைத் தக்கவைத்துக்கொள்வதில்லை. வட்டில் இருக்கிறது என்பதும் நிலைத்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த இரண்டையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே கலப்பு நடந்திருக்கிறது. 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக எழுதிய மெம்கேஷ்டு தூய நினைவகக் கேஷாகப் பிறந்தது. பின்னாளில் சாவிகளை (ஒரு தகவலைத் தேடி எடுக்க உதவும் பெயர்களை) நினைவகத்தில் வைத்துக்கொண்டு பெரிய மதிப்புகளை (அந்தத் தகவல்களை) எஸ்எஸ்டிக்கு அனுப்பும் எக்ஸ்ட்ஸ்டோர் வசதி அதில் சேர்ந்தது. 2009இல் சால்வடோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸ் என்ற மென்பொருள், நினைவகத்தில் வாழ்ந்தாலும் அவ்வப்போது மொத்தத்தையும் வட்டில் படம்பிடித்துவைக்கவும், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டே போகவும் இடம் தருகிறது. வினாடிக்கு ஒரு முறை வட்டில் உறுதிசெய்யும்படி வைத்தால், திடீரென்று மின்சாரம் போனாலும் இழப்பு ஏறத்தாழ ஒரு வினாடி வேலையோடு நின்றுவிடும். இதற்கும் விலை உண்டு. படம்பிடிக்கும் நேரத்தில் ரெடிஸ் தன்னைப் போல ஒரு மறுநிரலைப் பிரித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் தகவல்கள் வேகமாக மாறிக்கொண்டிருந்தால் தேவைப்படும் நினைவகம் ஏறத்தாழ இரட்டிப்பாகலாம். நான்கு ஜிபி நினைவகமுள்ள சர்வரில் மூன்று ஜிபியை ரெடிஸுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

வட்டுக் கேஷும் நினைவகத்தைக் கேட்காமல் இருப்பதில்லை. எந்தச் சாவி எந்தக் கோப்பில் என்னும் அட்டவணை எங்காவது வேகமாகக் கிடைக்க வேண்டும். ஸ்குவிட் என்ற வலைக் கேஷ் வட்டில் வைக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் 64 பிட் கணினியில் சுமார் 14 மெகாபைட் நினைவகத்தை அட்டவணைக்காக எடுத்துக்கொள்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருள் ஒரு மெகாபைட் நினைவகத்தில் ஏறத்தாழ 8,000 சாவிகளை வைக்கிறது.

வட்டுக்கே உரிய நோய்களும் சில உண்டு; மலையில் அவை கூடுதலாகத் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் பாதிக் கோப்பு நிற்கும். நிரல் எழுதிமுடித்தேன் என்று சொன்னதும் தகவல் வட்டில் ஏறிவிட்டதென்று பொருள் அல்ல. லினக்ஸ் அதை நினைவகத்திலேயே வைத்திருந்து, இயல்பான அமைப்பில் சுமார் 30 வினாடி பழையதானபின் வட்டுக்கு அனுப்பும். ஆகவே வேறொரு பெயரில் முழுவதும் எழுதி, எஃப்சிங்க் என்ற அழைப்பால் வட்டில் ஏற்றி உறுதிசெய்து, அதன்பின் உரிய பெயருக்கு மாற்றுவதே பாதுகாப்பான முறை. பெயர்மாற்றம் ஒன்று நடந்திருக்கும் அல்லது நடந்திருக்காது, நடுவில் நிற்காது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளாகப் பிரித்து வைப்பதைவிட எஸ்க்யூலைட் போன்ற ஒரே கோப்பு டேட்டாபேஸில் வைப்பது பல வேளைகளில் நல்லது. சுமார் 10 கிலோபைட் அளவுள்ள துணுக்குகளைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து படிப்பதைவிட எஸ்க்யூலைட்டிலிருந்து படிப்பது 35 சதவீதம் வேகமானது என்று அதை உருவாக்கியவர்களே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். மின்வெட்டைத் தாங்கும் ஒழுங்கும் அதனுள்ளேயே இருக்கிறது. சிறு கணினிகளில் மெமரி கார்டையே வட்டாகப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முறை எழுதப்படுவதையே தாங்கும். வினாடிக்கு வினாடி மாறும் ஒன்றை அதில் எழுதிக்கொண்டிருந்தால் கார்டு விரைவில் தேய்ந்துபோகும்.

நிலைத்திருப்பது என்பதே ஒரு நோயாகவும் மாறக்கூடும். நினைவகக் கேஷில் தவறான தகவல் ஏறிவிட்டால் நிரலை நிறுத்தித் தொடங்கினால் தீர்ந்துவிடும். வட்டுக் கேஷில் தவறு மறுதொடக்கத்தைத் தாண்டியும் உயிரோடிருக்கும். மென்பொருளின் புதிய பதிப்பில் பதிவின் வடிவத்தை மாற்றினால், பழைய பதிப்பு எழுதிவைத்த நகல்கள் வட்டில் காத்திருந்து புதிய பதிப்பைக் குழப்பும். இதற்காகச் சாவியிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுகிறோம். இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது மக்களின் சொந்தத் தகவல். ஒரு விவசாயியின் வங்கிக் கணக்கு எண் வட்டில் நகலாகக் கிடந்தால், அந்த வட்டு பழுதுபார்க்கப் போகும் கடைக்கும் அதுவும் போகிறது. வட்டுக் கேஷில் அத்தகைய புலங்களை நாங்கள் சேர்ப்பதே இல்லை; ரசீதுக்கு அவை தேவையும் இல்லை.

வட்டுக்கென்றே பிறந்த தகவல்களும் உண்டு. தோட்டங்களின் எல்லையைப் பார்க்க நாங்கள் பயன்படுத்தும் வரைபடம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இணைய வரைபடங்கள் 256 புள்ளி அகலமும் உயரமும் கொண்ட துண்டுகளாக வருகின்றன. 18ஆம் உருப்பெருக்க நிலையில், நம் அட்சரேகையில் ஒரு துண்டு தரையில் ஏறத்தாழ 150 மீட்டர் பக்கமுள்ள சதுரம். நீலகிரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்த நிலைக்கு மட்டும் 1,10,000க்கும் மேற்பட்ட துண்டுகள் வேண்டும். அதைவிடக் குறைந்த உருப்பெருக்கமுள்ள ஒவ்வொரு நிலைக்கும் முந்தியதில் கால் பங்கு போதும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். துண்டு ஒன்று 20 கிலோபைட் என்றால் மொத்தம் 3 ஜிபி. இதை நினைவகத்தில் வைப்பது பொருளற்றது: முக்கூர்த்தியின் புல்வெளித் துண்டை மாதத்தில் ஒருவர் பார்ப்பதும் அரிது. ஆனால் ஒருவர் பார்க்கும்போது இணையம் இல்லாமலிருந்தால் வட்டில் இருப்பது மட்டும்தான் கைகொடுக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதித் துண்டுகள் அடிக்கடி பார்க்கப்படுவதால் அவற்றைப் பேஜ் கேஷ் தானாகவே நினைவகத்தில் நிறுத்திக்கொள்கிறது. அதற்காக நாம் ஒரு வரி நிரலும் எழுத வேண்டியதில்லை.

கேஷில் வைக்கவே கூடாதவையும் இருக்கின்றன. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. அப்படியொரு சேவையை நாமே கட்டுவதாக எண்ணிப் பார்ப்போம். விதிமுறைப் பக்கம், வாகன வகைகளின் பட்டியல் போன்றவற்றை எங்கே வைத்தாலும் கெடுதல் இல்லை. இன்னும் எத்தனை பாஸ் மீதம் என்ற எண்ணை வேறு வகையில் பார்க்க வேண்டும். அதைத் திரையில் காட்டுவதற்கு ஐந்து வினாடி பழைய நகலை நினைவகத்திலிருந்து கொடுக்கலாம். பாஸ் வழங்கும் கணத்திலோ அந்த நகலை நம்பக் கூடாது. நம்பினால் 6,000ஆவது பாஸை இருவருக்குக் கொடுத்துவிடுவோம். அங்கே மூலமே பேச வேண்டும். கொட்டகையில் எடைப் பதிவும் இப்படித்தான். இணையம் இல்லாத நேரத்தில் போட்ட எடைகளை ஊர் சர்வரில் வரிசையாகச் சேர்த்து, வழி திறந்ததும் மும்பைக்கு அனுப்புகிறோம். அது வட்டில் கேஷுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் கேஷ் அல்ல. தொலைந்தால் வேறெங்கிருந்தும் எடுக்க முடியாத ஒரே பிரதி அது. இடம் பற்றாமல் போகும்போது பழையதை நீக்கும் விதி தவறியும் அதைத் தொட்டுவிடாதபடி, அதற்கு வேறு கோப்பு, வேறு அனுமதி, ஒவ்வொரு பதிவுக்கும் எஃப்சிங்க் என்று தனியாகப் பிரித்துவிட்டோம்.

அந்த ஜூலைக்குப் பிறகு எங்கள் அமைப்பு இப்படி நிற்கிறது. உறுப்பினர் பதிவுகளும் வரைபடத் துண்டுகளும் வட்டில், எஸ்க்யூலைட் கோப்புகளில் இருக்கின்றன. சர்வர் எழுந்ததும் கொட்டகைகளுக்கு வட்டிலிருந்தே விடை போகிறது. மும்பையோடு தொடர்பு கிடைத்தபின் மாறிய பதிவுகள் மட்டும் பின்னணியில் புதுப்பிக்கப்படுகின்றன. திரையில் முன்பணத் தொகைக்குக் கீழே, அது எந்த நாள், எந்த மணி நிலவரம் என்று சிறிய எழுத்தில் காட்டுகிறோம். பழைய நகல் என்று தெரிந்தால் எடை போடுகிறவர் விவசாயியிடம், கழிவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அண்ணா என்று சொல்லி ரசீதை மட்டும் கொடுத்துவிடுகிறார்.

இலை விலை மட்டும் வேண்டுமென்றே நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. மாதம் பிறக்கும்போது விலை மாறும். முந்தைய மாத விலையை வட்டிலிருந்து எடுத்து ரசீது அச்சிட்டுவிடுவது, விலையே இல்லாமல் நிற்பதைவிடப் பெரிய தவறு. சர்வர் அணைந்து எழுந்து, இன்னும் மும்பையை எட்டவில்லையென்றால், ரசீதில் எடை இருக்கும், தொகைக்குரிய இடம் காலியாக இருக்கும். தொடர்பு வந்தபின் தொகை குறுஞ்செய்தியாகப் போகும்.